மேற்படி

2019 ஜூலையில் ஆறு இரவுகள் மியூனிக் நகரத்து ஓரத்தில் ஒரு கூடாரத்தில் படுத்துக் கிடந்தேன். அதைப் பற்றி எழுதும்படி இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பயணக் கட்டுரை எனக்கு வராது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கெல்லாம் நல்ல பசியும் நல்ல தூக்கமும் இருக்கின்றன; எனக்கு இரண்டும் கிடையாது. இது அங்கே நான் நிரப்பிக் கொடுத்த ஒரு படிவத்தைப் பற்றியும், அதற்கு ஐந்து வருஷம் முன்னால் இங்கே நிரப்பிய இன்னொரு படிவத்தைப் பற்றியும்.

போனதற்குக் காரணம் காஃப்கா. சென்னை மாக்ஸ் முல்லர் பவனின் மாலை வகுப்புகளில் உட்கார்ந்து ஜெர்மன் கற்றுக்கொண்டதும் அவருக்காகத்தான். அந்த ஜெர்மன் ரொட்டி வாங்கவும் வழி கேட்கவும் உதவுகிறது; காஃப்காவுக்கு இன்றும் அகராதி வேண்டியிருக்கிறது. சேமநல நிதியில் கடன் வாங்கினேன். வெளிநாடு போக வங்கியில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம். சற்று யோசித்துவிட்டுச் 'சுற்றுலா' என்று எழுதினேன். "சுத்திப் பாக்கறதுன்னா சிங்கப்பூர் போவாங்கப்பா" என்றார் மேனேஜர், கையெழுத்துப் போட்டபடியே.

காஃப்கா என்றால் பிராகுக்கல்லவா போக வேண்டும் என்று கேட்பீர்கள். பிராகுக்கு வெளியே அவர் தம் எழுத்தைப் பொதுச்சபையில் படித்தது ஒரே ஒரு தடவை. மியூனிக்கில், 1916 நவம்பர் 10ஆம் தேதி, கோல்ட்ஸ் என்பவரின் ஓவியக்கூடத்தில். யுத்த காலம். படித்தது, தண்டனைக் குடியேற்றம் ஒன்றில் ஓர் இயந்திரம் குற்றவாளியின் உடம்பிலேயே அவன் மீறிய கட்டளையை ஊசிகளால் எழுதுகிற அந்தக் கதை. கேட்டவர்களில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள் என்று கூட்டத்தில் இருந்த ஒருவர் பிற்பாடு எழுதிவைத்தார். நம்ப வேண்டிய அவசியமில்லை. பத்திரிகைகளுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இடையில் ஒரு ராத்திரி தன் கதையைப் படித்துவிட்டு, பாராட்டில்லாமல் ஊர் திரும்பி மறுபடி கோப்புகளுக்குள் நுழைந்த மனிதர். ஓர் எழுத்தருக்கு இதைவிடப் பெரிய புண்ணிய ஸ்தலம் என்ன இருக்க முடியும்? எழுத்தர், எழுத்தாளர் — தமிழில் இரண்டுக்கும் நடுவே ஓர் 'ஆள்' மட்டுந்தான் வித்தியாசம். அந்த ஆள் நான்தான் என்று பத்து வருஷமாக எனக்கு ஒரு நினைப்பு.

அந்த ஓவியக்கூடம் இருந்த பிரியென்னர் தெருவில் ஒரு சாயங்காலம் முழுக்க நடந்தேன். கடைகள் இருக்கின்றன. வங்கிகள் இருக்கின்றன. காஃப்கா விஷயம் இவ்வளவுதான்.

மியூனிக்கில் கோடைகாலத்து ஓட்டல் வாடகை என் போன்றவனுக்குக் கட்டாது. நகரத்தின் வடமேற்கே, தாவரவியல் தோட்டத்தை ஒட்டி, 'தி டென்ட்' என்று ஓர் இடம். ரயில் நிலையத்திலிருந்து 17ஆம் எண் டிராம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. தெருவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'செர்ரிகளுக்கு நடுவே'. இடத்தின் பழைய பெயர் கபுட்சீனர்ஹெல்ட்ஸ்ல், கப்பூச்சியன் துறவிகளின் சின்னக் காடு. 1972 ஒலிம்பிக் பந்தயங்களின் வருஷத்தில் உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்த, கையில் காசில்லாத இளைஞர்கள் படுத்துக்கொள்ள இங்கே கூடாரம் அடித்தார்கள். பழைய நாஜி ஒலிம்பிக்கின் ஞாபகத்தை அழிக்கிற மாதிரி சந்தோஷமான பந்தயமாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். அந்த செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய தாக்குதலில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். பந்தயம் முடிந்தது. கூடாரம் நிலைத்துவிட்டது. நிலைத்துவிட்டது என்றால், ஜூன் மாதம் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுவார்கள். குளிர்காலத்தில் கிடையாது. மறுபடி ஜூன்.

நான் போன ராத்திரி முகப்பில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். ஒரு படிவம் கொடுத்தாள். பெயர், பிறந்த தேதி, நாட்டுரிமை, கடவுச்சீட்டு எண், வீட்டு முகவரி. நான்கை மளமளவென்று எழுதியவன் ஐந்தாவதில் நின்றேன். வில்லிவாக்கத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிற இரண்டாம் மாடிப் போர்ஷனை எழுதுவதா, அப்பா விற்றுவிட்ட ஊர் வீட்டை எழுதுவதா? என் சர்வீஸில் ஆயிரக்கணக்கான பேரை இந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அவசரப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. வில்லிவாக்கத்தை எழுதினேன். போர்வைக்கு ஈடாக ஏதாவது வைக்க வேண்டும், கடவுச்சீட்டை வைத்தேன். கம்பளிப் போர்வைகளும் ஒரு பாயும் கொடுத்தாள். சாமான் வைக்கிற பெட்டகத்தின் எண் 63.

கட்டில் போட்ட கூடாரம் ஒன்று உண்டு. அதற்குக் காசு கூட. எனக்குத் தரைக் கூடாரம். பெரிய சர்க்கஸ் கூடாரம் மாதிரி, கீழே மரப்பலகை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாகப் படுத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மாதிரி. ஆனால் ஜமக்காளத்தில் பக்கத்தில் கிடப்பவன் யார் என்று கேட்டால் எப்படியாவது நமக்கு ஓர் உறவு முளைத்துவிடும். இங்கே ஒருவருக்கொருவர் எதுவும் இல்லை. அதுவே ஒரு ஆறுதல். ஜூலையிலும் விடியற்காலை நல்ல குளிர். கம்பளி முகத்தில் குத்தியது. குறட்டையில் தேச பேதம் கிடையாது என்று கண்டுகொண்டேன்.

ராத்திரி வெளியே தீ மூட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து பாட்டு, கிதார், பீர். எல்லோரும் பத்தொன்பது, இருபது. எனக்கு முப்பத்தொன்று, வாத்தியார் பிக்னிக்குக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு பிரேசில் பையன் சிநேகமாகக் கேட்டான்: "முகாமில் தங்குவது இதுதான் முதல் தடவையா?" ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "தங்கியதில்லை. ஆனால் ஒரு முகாமில் ஒரு நாள் வேலை பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் கோடைகாலத்து மலைமுகாம் என்று எடுத்துக்கொண்டு, "அதிர்ஷ்டசாலி" என்றான்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் இந்த இடத்துக்கு யூகெண்ட்லாகர் என்று பெயர் போட்டிருந்தது. இளைஞர் முகாம் என்று அர்த்தம். நான் போனபோது அதன் நீளமான அதிகாரப்பூர்வப் பெயரில் லாகர் இல்லை; காம்ப் என்ற இரவல் சொல்தான் இருந்தது. மாற்றத்துக்கு என்ன காரணமோ. ஆனால் லாகர் என்ற சொல்லை அந்த நகரத்தில் சும்மா சொல்லிவிட முடியாது. பதினாறு கிலோமீட்டரில் டாகவ் இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் லாகர் என்பது படுக்கிற இடம்; படுக்கை, கிடங்கு, பாசறை எல்லாம் அதிலேயே அடங்கும். நம்முடைய முகாம் அரபியிலிருந்து வந்தது. அதன் மூலத்தில் நிற்கிற இடம் என்று பொருள். அவர்களுக்குப் படுக்கும் இடம், நமக்கு நிற்கும் இடம். தமிழின் சொந்தச் சொல் பாசறை. முல்லைப்பாட்டில் அரசன் தூங்காமல் கிடப்பது பாசறையில்தான், புண்பட்ட யானைகளையும் வீரர்களையும் நினைத்துக்கொண்டு. ஆனால் முல்லைத் திணையின் நியதி என்ன? கார்காலத்துக்குள் தலைவன் திரும்பிவிட வேண்டும். பாசறைக்கு முடிவு உண்டு. மழை வரும், தேர் வரும். முடிவு தெரிந்த பாசறையைத்தான் நம் பழைய கவிகள் கவிதைக்குள் அனுமதித்தார்கள்.

நான்காம் நாள் டாகவ் போனேன். ரயிலில் கொஞ்ச நேரம், அப்புறம் 726ஆம் எண் பஸ். அங்கே பார்த்தவற்றை விவரிக்கப் போவதில்லை. விவரிக்கிற தகுதி உள்ளவர்கள் விவரித்துவிட்டார்கள். 1933 மார்ச் 22ஆம் தேதி முதல் கைதிகள் வந்தார்கள். 12 வருஷங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நாற்பதாயிரத்துக்கு மேல் செத்தார்கள். கொட்டகைகள் இப்போது இல்லை. இரண்டை மட்டும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவை இருந்த இடங்களில் தரையில் சிமெண்டு விளிம்பு, சரளைக்கல். ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தேன்.

என்னை நிறுத்தியது அங்கே படித்த ஒரு சின்னத் தகவல். 1945 ஏப்ரல் 29ஆம் தேதி அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. அப்புறம் அதே இடத்தில் நாஜிகளை அடைத்து வைத்தார்கள், விசாரணை நடத்தினார்கள். அதோடு முடியவில்லை. 1948லிருந்து, செக்கோஸ்லோவாக்கியா முதலான இடங்களிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானிய அகதிகளை அந்தக் கொட்டகைகளிலேயே குடிவைத்தார்கள். தற்காலிகமாகத்தான். கடைகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது. 1960களில்தான் அவர்கள் முழுக்கக் காலி செய்தார்கள். 1965ல்தான் அது நினைவிடமாயிற்று, அதுவும் தப்பிப் பிழைத்த பழைய கைதிகளின் வற்புறுத்தலில். நடுவே பதினைந்து வருஷத்துக்குமேல் அங்கே குழந்தைகள் பிறந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

டாகவையும் நான் சொல்லப் போகிற இடத்தையும் ஒப்பிடுகிறவன் முட்டாள். நான் ஒப்பிடவில்லை. ஓர் எழுத்தரின் சந்தேகம் இது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை யாரோ ஒருவன் பேனா பிடித்து நிரப்பியிருக்க வேண்டும்.

2014 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஜன் தன் திட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் வங்கிக் கணக்கு. மேலிடத்திலிருந்து எண்ணிக்கை கேட்டுத் தினமும் தொலைபேசி. எங்கள் கிளையின் எல்லைக்குள் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை ஓர் ஆபீசரையும் என்னையும் அங்கே அனுப்பினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ரேஷன் கடைத் திண்ணையில் மேஜை போட்டு, மேலே பேனர் கட்டினோம்: 'வங்கிக் கணக்கு தொடங்கும் சிறப்பு முகாம்'. ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, அந்தப் பேர மட்டும் வேற மாதிரி எழுதியிருக்கலாம்" என்றான். எனக்குப் புரியவில்லை. இலங்கைத் தமிழர்களைச் சந்தேகத்தின் பேரில் பூட்டி வைக்கிற இடத்துக்குத்தான் அரசாங்க பாஷையில் 'சிறப்பு முகாம்' என்று பெயர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கவலையெல்லாம் எண்ணிக்கை.

பத்துக்குப் பத்து வீடுகளிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள். நிற்கிற இடம் என்று சொன்னேன் அல்லவா. வரிசையில் நிற்பதில் அவர்களுக்கு இருந்த பழக்கம் எங்கள் கிளை வாடிக்கையாளர்களுக்குக் கிடையாது. தலை எண்ணுகிற செக்கிங் நாளில் நின்று நின்று வந்த பழக்கம். நான் கேட்கக் கேட்க அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். படிவத்தில் தற்காலிக முகவரிக்கு ஒரு கட்டம், நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் முகாமின் பெயரும் வீட்டு எண்ணும். இரண்டாவது கட்டத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே போனேன். எங்கள் தொழிலில் இதைவிட உபயோகமான சொல் கிடையாது. பாதிப் பேனா மை அதில்தான் மிச்சம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மன்னார்ப் பக்கம், 1990ல் படகில் வந்தவர். கூடவே இங்கேயே பிறந்த மகள், கல்லூரியில் படிக்கிறவள். அந்த அம்மாள் மேஜைமேல் குனிந்து படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நிரந்தரம் எண்டு ஒண்டு இருக்கே, அதில என்ன எழுதுறது?"

"இந்த அட்ரஸேதாம்மா."

"அங்க வீட்டு இலக்கம் எனக்கு ஞாபகம் இருக்கு. வீடு இருக்கோ தெரியாது. எழுதுவமோ?"

என்னுடைய பதிலை எதிர்பார்க்காமலே அவர் அந்த இலக்கத்தைச் சொன்னார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். கிராமத்தின் பெயரையும் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, நான் எழுதுவதற்குத் தோதாகச் சொன்னார். நான் எழுதவில்லை. அதற்கு ஆதாரம் கேட்பார்கள், கம்ப்யூட்டர் ஏற்காது, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் — இதில் எதையும் நான் அவரிடம் சொல்லவுமில்லை. அவர் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து 'மேற்படி' என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பினேன். மகள் வாய்விட்டுப் படித்தாள்: "நிரந்தர முகவரி: மேற்படி."

"மேற்படி எண்டா?"

"மேல சொன்னதுதான்மா."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு எண்ணிக்கை நன்றாக வந்தது. ஆபீசர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இதை நான் மறந்துவிட்டேன் என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நம்முடைய சிற்றிதழ்க் கவிதையில் அகதி இல்லாத பக்கம் குறைவு. சொந்த வீட்டில் அகதி, சொந்த மொழியில் அகதி, சொந்த உடம்பில் அகதி. 2016ல் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையில் 'இருத்தலின் அகதித்தன்மை' என்று ஒரு பிரயோகம் செய்து, அதற்காக இரண்டு கடிதங்களும் பெற்றேன். திண்ணையில் உட்கார்ந்து 'மேற்படி' எழுதி இரண்டு வருஷங்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மதிப்புரையை எழுதுகிறபோது அந்த அம்மாள் என் ஞாபகத்தில் வரவேயில்லை. உருவகம் அவ்வளவு சௌகரியம். உருவகத்துக்கு வீட்டு இலக்கம் தேவைப்படாது. அந்தக் கவிஞரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் முகாமைப் பார்த்திருக்கமாட்டார். நான் பார்த்தவன்.

டாகவிலிருந்து திரும்பிய ராத்திரி தீ பக்கம் போகவில்லை. கூடாரத்தில் சீக்கிரமே படுத்துவிட்டேன். கான்வாஸுக்கு வெளியே கிதாரும் சிரிப்பும். ஒருவருக்கொருவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்: ஒருத்தி வெனிஸுக்கு, ஒருவன் பிராகுக்கு. மழை லேசாகத் தூறியது; கூடாரத்துணியில் மழைச்சத்தம் நன்றாகவே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. பாய், கம்பளி, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, வரிசை, பதிவேடு. பொருள்களாகப் பட்டியல் போட்டால் நான் மேஜை போட்ட இடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே சுவர்கூட இல்லை. ஆனாலும் இது சந்தோஷமான இடம். இங்கே கிடப்பவர்கள் எல்லோருக்கும் மேலே ஒரு முகவரி இருக்கிறது. அக்டோபரில் இதை மூடிவிடுவார்கள். மூடுகிறார்கள் என்பதால்தான் இது நாற்பத்தேழு வருஷமாக முகாமாகவே இருக்க முடிந்தது. அங்கே மூடவில்லை, மூடாத முகாமுக்கு வேறு பெயர் தேவைப்படுகிறது, அந்தப் பெயரை ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தர் எழுதிவிடுகிறார்.

காஃப்காவின் இயந்திரத்தை நான் எப்போதும் கைதியின் பக்கமிருந்தே படித்து வந்திருக்கிறேன். படிக்கிற யாருமே அப்படித்தான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஊசி ஏறுகிற உடம்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்த ராத்திரி அது முடியவில்லை.

ஏழாம் நாள் காலை போர்வைகளை மடித்துக் கொடுத்தேன். அதே பெண். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பதிவில் என் பெயரைத் தேடி அதன்மேல் ஒரு கோடு போட்டாள். "மறுபடி வாருங்கள்" என்றாள். அவளுடைய தொழிலில் அது ஒரு மரியாதை வார்த்தை.

அப்புறம் நடந்தவை இரண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்: அகதிகள் முகாம் என்று இனிச் சொல்வதில்லை, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். நல்லது. முதல் சொல் போய்விட்டது. கடைசிச் சொல் இருக்கிறது. 2025ல் ஜன் தன் கணக்குகளுக்குப் பத்து வருஷம் முடிந்துவிட்டதால் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சிதோறும் அதற்கு முகாம். நான் இப்போது வேறு கிளையில் இருக்கிறேன். பழைய கிளையில் என் இடத்தில் இருக்கிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தக் கணக்குகளில் நிரந்தர முகவரிக் கட்டத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? மாற்றம் ஏதுமில்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கினா முடிஞ்சுது."

"ஒருத்தர் மாத்தணும்னு கேட்டா?"

"ஆதாரம் கொடுத்தா மாத்தலாம். எந்த அட்ரஸுக்கு மாத்தணும், சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டிருப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மியூனிக் கூடாரத்தில் என் பெட்டகத்தின் எண் 63. டாகவுக்குப் போகிற பஸ்ஸின் எண் 726. டிராம் 17. அந்த அம்மாள் நிறுத்தி நிறுத்திச் சொன்ன இலக்கம் எனக்கு நினைவில்லை.